கட்டையில் இருந்த குறை: ஒரு .308 இலக்குத் துப்பாக்கியைச் சீர்செய்த பதிவு

பிரிஸ்பேன் நகரின் பெல்மாண்ட் சுடுதளத்தில், 900 கெஜத் தொலைவில் நான் சுட்ட 15 தோட்டாக்கள் மேலிருந்து கீழாக 38 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிதறியிருந்தன. 2018ஆம் ஆண்டு கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்த தளம் அது. காற்று அங்கே அடிக்கடி திசை மாறும் என்பதால் குண்டுகள் இடவலமாகப் பரவினால் பழியைக் காற்றின் மேல் போட்டுவிட முடியும். ஆனால் மேல்கீழ்ச் சிதறலுக்குக் காற்று பெரும்பாலும் பொறுப்பாகாது. அதற்குக் காரணம் துப்பாக்கியிலோ, தோட்டாவிலோ, சுடுபவரின் தோளிலோதான் இருக்க வேண்டும். அந்த 38 சென்டிமீட்டரைக் குறைப்பதற்கு ஏறத்தாழ எட்டு மாதம் ஆயிற்று. அவற்றில் முதல் நான்கு மாதங்களைத் தவறான இடத்தில் தேடிச் செலவிட்டேன் என்பதால், வேலையை எந்த வரிசையில் செய்தேன் என்பதையும் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

துப்பாக்கி பழையது, இன்னொருவரிடமிருந்து வாங்கியது. போல்ட் இழுத்துச் சுடும் வகை, .308 வின்செஸ்டர் தோட்டா, 26 அங்குலக் குழல், குழலைத் தாங்கித் தோளில் அணையும், தேக்கு நிறத்தில் மெருகிட்ட வால்நட் மரக் கட்டை. முன்னால் இருகால் தாங்கி வைத்து, தொலைநோக்கி பொருத்தி, படுத்த நிலையில் சுடும் எஃப் கிளாஸ் போட்டியின் எஃப்-டி.ஆர். பிரிவில் இதைப் பயன்படுத்துகிறேன். கனடாவின் ஜார்ஜ் ஃபார்கார்சன் தொடங்கிவைத்த போட்டி இது. பெயரில் உள்ள எஃப் அவருடைய பெயரின் முதலெழுத்து. எஃப்-டி.ஆர். பிரிவில் .308, .223 என்ற இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே இடமுண்டு. தாங்கியையும் சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது.

அளவைப் பற்றி ஒரு சொல். சுடுவோர் எம்.ஓ.ஏ. என்று சொல்வது நம் பஞ்சாங்கக் கணக்கில் வரும் கலைதான்: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மில்லிமீட்டர்; 900 கெஜத்தில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். ஆகவே என்னுடைய 38 சென்டிமீட்டர் என்பது ஒன்றரைக் கலைக்கும் கூடுதல். இந்தப் போட்டியில் முழுப் புள்ளி தரும் வட்டத்தின் அகலம் ஒரு கலைதான் என்பதை நினைத்தால், காற்றை முற்றிலும் சரியாகப் படித்தாலும் எனக்குப் புள்ளிகள் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

தோட்டாவை நானே நிரப்புகிறேன். ஆஸ்திரேலியாவில் துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் இதைச் சட்டப்படி செய்யலாம். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே அங்குள்ள வாசகர்கள் இப்பதிவில் துப்பாக்கியைப் பற்றிய பகுதியை மட்டும் தமக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெடிமருந்தின் எடையை எண்ணாக எங்கும் எழுதவில்லை. ஒரு துப்பாக்கிக்குப் பாதுகாப்பான அளவு இன்னொன்றில் அளவுக்கு மீறிய அழுத்தத்தை உண்டாக்கக்கூடும். மருந்து உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து அவரவரே படிப்படியாக ஏறிவர வேண்டும், கையேடு சொல்லும் உச்சத்தில் நின்றுவிட வேண்டும்.

முதல் நான்கு மாதங்களில் நான் செய்ததெல்லாம் மருந்தின் எடையை மாற்றிமாற்றிப் பார்த்ததுதான். ஒவ்வோர் எடைக்கும் ஐந்து தோட்டா நிரப்பி, 100 மீட்டரில் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்த்தேன். ஒரு வாரம் 18 மில்லிமீட்டருக்குள் ஐந்தும் அடங்கும். சரி, இதுதான் என்று மகிழ்ந்து அதே எடையில் ஐம்பது தோட்டா நிரப்பிக்கொண்டு அடுத்த வாரம் போனால் 40 மில்லிமீட்டருக்கு விரியும். பிறகுதான் பழைய குறித்தாள்களையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்து குண்டுகளின் கூட்டம் என்பது மிகச் சிறிய மாதிரி. எதையும் மாற்றாத ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா ஆகியவற்றிலிருந்தே 18ம் வரும், 40ம் வரும். நான் மருந்தின் வேறுபாட்டை அளந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் தற்செயலைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அன்று முதல் ஒவ்வொரு சோதனைக்கும் 20 குண்டுகள் சுட்டு, கூட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு குண்டும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து சராசரி எடுக்கத் தொடங்கினேன். அப்போதைய சராசரி விலகல் 11 மில்லிமீட்டர். இதுவே எனக்குத் தொடக்கப் புள்ளி.

அந்த 20 குண்டுகளின் தாளில் இன்னொன்றும் தெரிந்தது. குண்டுகள் ஒரே மேகமாகப் பரவவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறிய கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. எங்கள் சங்கத்தில், ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தாளைப் பார்த்ததும் அவர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. துப்பாக்கியை நிமிர்த்தி மடியில் சாய்த்து வைக்கச் சொல்லி, குழலும் கட்டையின் முன்முனையும் சேரும் இடத்தில் என் விரல் நுனியை இரண்டின்மேலும் படும்படி வைக்கச் சொன்னார். பிறகு துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகுகளில் முன் திருகை அறுகோணச் சாவியால் மெல்லத் தளர்த்தினார். விரலடியில் குழல் கட்டையை விட்டு விலகுவது தெளிவாகத் தெரிந்தது. திருகை இறுக்கினார், மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. நான்கைந்து முறை செய்து காட்டினார். அவ்வளவு நாளும் என் கையிலேயே இருந்த பொருள், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் வில் போல வளைந்துகொண்டிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து, காந்த அடியுள்ள டயல் கேஜைக் குழலில் ஒட்டவைத்து, முள்ளைக் கட்டையின் முனையில் படும்படி நிறுத்தி அதையே அளந்தேன். முன் திருகைத் தளர்த்தியதும் முள் 0.18 மில்லிமீட்டர் நகர்ந்தது. நல்ல இருக்கையில் இது 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மரம் ஈரத்தை இழுத்து ஊதும், வறண்டால் சுருங்கும். பிரிஸ்பேனின் கோடை மழைக்காலத்தில் கட்டை ஒரு நிலையில் நிற்பதே இல்லை. அதோடு பின்னுதைப்பைத் தாங்கும் லக் என்ற தடித்த காது மரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பட்டுப் பள்ளம் பதித்திருந்தது. ஒவ்வொரு வெடிக்கும், குழலும் போல்ட்டும் பொருந்தும் எஃகு உடலான ஆக்‌ஷன் சற்றே நகர்ந்து, இரண்டு வெவ்வேறு நிலைகளில் மாறிமாறி உட்கார்ந்திருக்க வேண்டும். தாளில் இரண்டு கூட்டங்கள் தெரிந்ததற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக்‌ஷன் உட்காரும் இடத்தை எஃகுத் தூள் கலந்த எபாக்ஸியால் வார்த்தெடுப்பதை பெட்டிங் என்கிறார்கள். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மிகவும் பயந்ததும் இதுதான். முதலில் இரண்டு திருகுத் துளைகளையும் அகலமாகத் துளைத்து, மரத்தை நசுக்காமல் இறுக்கத்தை நேராகத் தாங்கும்படி அலுமினியத் தூண்களை உள்ளே வைத்தேன். ஆக்‌ஷன் படும் இடமெங்கும் மரத்தை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தேன். இவ்வளவு தடிமன் இல்லாவிட்டால் எபாக்ஸி மெல்லிய தோலாக நின்று காலப்போக்கில் விரிசல் விடும். குழல் கட்டையை எங்கும் தொடாமல் இருக்க, முன்பகுதிப் பள்ளத்தை உருளைக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, இரண்டாக மடித்த ஐந்து டாலர் நோட்டு குழலின் அடியில் தடையின்றி ஓடும்வரை அகலப்படுத்தினேன்.

லக்கின் முன்முகம், இரு பக்கங்கள், அடிப்பகுதி ஆகிய நான்கிலும் மின்கம்பி நாடாவை ஒட்டினேன். பின்முகத்தில் மட்டும் ஒட்டவில்லை. பின்னுதைப்பை வாங்குவது பின்முகம் மட்டுமே. மற்ற முகங்களும் எபாக்ஸியில் இறுகிவிட்டால், துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் எதையாவது சுரண்டிக்கொண்டுதான் வெளியே வரும். போல்ட் ஓடும் பாதையிலும், டிரிகர் தொங்கும் வாயிலும், திறந்த துளைகளிலும் பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணை அடைத்து விளிம்பைச் சவரக்கத்தியால் வழித்தேன். எபாக்ஸி ஒட்டாமல் இருக்க நிறமற்ற ஷூ பாலிஷை மூன்று பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டுப் பருத்தித் துணியால் மெருகேற்றினேன்.

எபாக்ஸியை இரண்டு பங்காகக் கலக்கும்போது அவசரப்படக் கூடாது. காற்றுக் குமிழ் உள்ளே போனால் அது கடைசியில் பல் விழுந்த ஓட்டையாக நிற்கும். மெதுவாக மடித்துமடித்துக் கலந்து, முதலில் லக் உட்காரும் குழியின் அடியில் குச்சியால் குத்திக்குத்தி நிரப்பி, பிறகே மற்ற இடங்களில் பரப்பினேன். ஆக்‌ஷனை மேலிருந்து நேராக இறக்கியதும் கலவை இரு ஓரங்களிலும் சாம்பல் நிறத்தில் பிதுங்கி வந்தது. போதுமான கலவை இருக்கிறது என்பதற்கு அந்தப் பிதுக்கம்தான் சாட்சி. இந்தக் கட்டத்தில் திருகுகளை இறுக்கவே கூடாது. இறுக்கினால், எதை நீக்க வந்தோமோ அந்த வளைவையே எபாக்ஸியில் நிலைநிறுத்திவிடுவோம். தலையில்லாத வழிகாட்டித் திருகுகளை நிலைக்காக மட்டும் வைத்து, ஆக்‌ஷன் தன் எடையிலேயே அமரும்படி விட்டு, சுற்றிலும் சைக்கிள் டியூப் ரப்பரால் இளக்கமாகக் கட்டி 24 மணி நேரம் தொடாமல் வைத்தேன்.

மறுநாள் அது வெளியே வரவில்லை. முன்பக்கம் அசைந்தது, பின்பக்கம் அசையவே இல்லை. பின் வழிகாட்டித் திருகின் புரியில் பாலிஷ் பூசத் தவறியிருந்தேன். எபாக்ஸி அந்தப் புரிக்குள் ஏறி இறுகிவிட்டது. நெம்பினால் கட்டை பிளக்கும் என்பதால், தொலைநோக்கியைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கி முழுவதையும் பாலித்தீன் உறையில் சுற்றி, நண்பர் வீட்டின் நீளமான ஃபிரீசரில் ஓரிரவு வைத்தோம். எஃகும் எபாக்ஸியும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. காலையில் எடுத்தவுடன், குழலின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு முறை தட்டியதும் ‘டக்’ என்ற ஒலியோடு கழன்று வந்தது. புரியில் ஒட்டியிருந்ததைக் கம்பித் தூரிகையால் எடுத்துவிட்டேன். எபாக்ஸிப் படுக்கையில் ஆக்‌ஷனின் அச்சு, எஃகில் இருந்த கடைசல் கோடுகள் வரை அப்படியே பதிந்திருந்தது. லக்கின் பின்முகம் முழுதும் ஒரே பளபளப்பாகத் தெரிந்தது. வேலையைத் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக அன்றுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

திருகுகளை முறுக்குவிசைச் சாவியால் 65 அங்குல-பவுண்டுக்கு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, டயல் கேஜை மீண்டும் வைத்தேன். முள்ளின் நகர்வு 0.02 மில்லிமீட்டர்.

இதே சமயத்தில் குழல்வாயையும் பார்த்தேன். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு, வாயின் விளிம்பைத் தொட்டபடி எல்லாத் திசையிலும் வெளிநோக்கி இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி இழைவிடும். என் துப்பாக்கியில் எங்கும் மாட்டவில்லை. ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டேன். குழலின் உள்ளே செம்புப் படிவு நிறைய இருந்தது. அமோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி நீலமாக வெளிவரும் வரைக்கும் செம்பு இருக்கிறது என்று பொருள். மூன்று மாலைகள் கழித்து வெள்ளையாக வந்தது.

தோட்டாவில் ஒன்றையும் மாற்றாமல், பழைய நிரப்பலிலேயே மீண்டும் 20 குண்டுகள் சுட்டேன். குழலைத் துடைத்ததைத் தவிர, ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதை இந்த வேலையில் நான் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். சராசரி விலகல் 11 மில்லிமீட்டரிலிருந்து 7.5 ஆகக் குறைந்தது. இரண்டு கூட்டங்கள் ஒன்றாயின. நான்கு மாத மருந்துச் சோதனை தராததை ஒரு வார இறுதி வேலை தந்தது.

இதன் பிறகு தோட்டாவுக்கு வந்தேன். இப்போது அளவீடுகளுக்குப் பொருள் இருந்தது. ரேடார் வகை வேகமானியால் அளந்தபோது, ஒரு தோட்டாவுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலான வேக வேறுபாட்டின் திட்ட விலக்கம் விநாடிக்கு 4.6 மீட்டராக இருந்தது. 155 கிரெயின், அதாவது சுமார் 10 கிராம் எடையுள்ள சியரா குண்டைப் பயன்படுத்துகிறேன். வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைந்தால் 900 கெஜத்தில் அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். 100 மீட்டரில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. தொலைவில் மேல்கீழ்ச் சிதறலைப் பெருக்கியதில் பாதிப் பங்கு இதற்கு இருந்தது.

வேகம் மாறுவதற்கு மருந்தின் எடையை மட்டுமே காரணமாக நினைத்திருந்தேன். என்னிடம் உள்ள மருந்து, நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் தயாராகும் ஏ.ஆர். 2208, அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் விற்கப்படுவதும் இதுவே. குட்டைக் குச்சிகள் போன்ற வடிவம் என்பதால் அளவுக்குழாயில் ஒரே சீராக விழாது. ஆகவே ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, கடைசியில் ஒவ்வொரு குச்சியாக உதிர்த்து எடைபோடுகிறேன். ஒரு குச்சி ஏறத்தாழ 0.02 கிரெயின்தான் இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டால் தராசின் எண் நகரும். அருகில் கைபேசி இருந்தாலும் சில தராசுகள் தடுமாறும். தராசை அரை மணி நேரம் முன்பே போட்டு வைத்து, பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை சரிபார்ப்பு எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்கும். மருந்து நிரப்பி முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவேன். மருந்தே விழாத கூடும், இரண்டு முறை விழுந்த கூடும் உயிருக்கு ஆபத்தானவை என்பதால் இந்த ஒரு பழக்கத்தை எந்த அவசரத்திலும் விட்டதில்லை.

எடையை இவ்வளவு கவனித்தும் வேகம் சீராகவில்லை. காரணம் கூட்டின் கழுத்தில் இருந்தது. பித்தளை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் இறுகிக்கொண்டே போகும். இறுகிய கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடி கூட்டுக்குக் கூடு மாறும். குண்டை அழுத்தும் நெம்புகோலிலேயே அது கைக்குத் தெரிந்தது: ஒன்று வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அடுத்தது நொறநொறவென்று தடுக்கும். ஆகவே கூடுகளின் கழுத்தைச் சூடாக்கி இளக்கிப் பதப்படுத்தத் தொடங்கினேன். மங்கிய வெளிச்சத்தில், துளைப்பானில் மாட்டிய சாக்கெட்டில் கூட்டை நிறுத்திச் சுழற்றி, எரிவாயுச் சுடரின் நீல நுனியைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்ட வேண்டும்; கழுத்து சிவக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். எத்தனை விநாடி என்பதை வெப்பத்தில் உருகும் அடையாள மையைப் பூசிச் சோதித்து வைத்துக்கொண்டேன். கூட்டின் அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கெட்டியான அடிதான், அது இளகினால் கூடு கிழிந்து வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

கூட்டின் தோளைப் பின்தள்ளும் அளவையும் திருத்தினேன். முன்பு, சுட்ட கூட்டை மீண்டும் வடிவத்துக்கு அழுத்தும் டை என்ற அச்சைக் கையேட்டில் சொன்னபடி அடிவரை இறக்கியிருந்தேன். தோள் தேவைக்கு அதிகமாகப் பின்னுக்குப் போய், கூடுகள் சீக்கிரமே நீண்டு களைத்தன. இப்போது சுட்ட கூட்டை அளந்து, அதிலிருந்து 0.04 மில்லிமீட்டர் மட்டும் தள்ளுகிறேன். கழுத்தின் உள்ளே மசகு இல்லாமல் விரிப்பானை இழுத்ததால் கழுத்து கோணியிருந்ததையும் கண்டேன். சுழற்றிப் பார்க்கும் கேஜில் குண்டின் நுனி 0.10 மில்லிமீட்டர் ஆடியது. கழுத்தின் உள்ளே கிராஃபைட் தூள் தொட்டபின் 0.04 ஆயிற்று. கூடுகளை எடைவாரியாகப் பிரிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. இருநூறு கூடுகளைப் பிரித்துச் சுட்டுப் பார்த்தும் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியாததால் அதை விட்டுவிட்டேன். எத்தனை முறை சுடப்பட்டவை என்பதை வைத்துப் பிரிப்பதே பயன் தந்தது.

கடைசியாகக் குண்டின் ஆழம். குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, குழலின் உட்புரியைத் தொடும்வரை தாண்டும் இடைவெளியை 0.25, 0.5, 0.75, 1 மில்லிமீட்டர் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் 20 குண்டுகள் சுட்டேன். 0.25ம் 1ம் சற்றே விரிந்தன. 0.5க்கும் 0.75க்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. ஆகவே இரண்டுக்கும் நடுவில் 0.6ஐ வைத்துக்கொண்டேன். புரி தேயத் தேய இடைவெளி தானே கூடும் என்பதால், நடுவில் நிற்பது சில நூறு குண்டுகளுக்கு நிம்மதி தரும். குண்டைப் புரியில் முட்டவைத்தால் அழுத்தம் கூடும்; அதை நான் முயலவே இல்லை.

இவை எல்லாம் முடிந்த பிறகு 100 மீட்டரில் 20 குண்டுகளின் சராசரி விலகல் 6 மில்லிமீட்டர். வேகத்தின் திட்ட விலக்கம் விநாடிக்கு 2.4 மீட்டர். மருந்தின் எடை மட்டும், முதல் மாதத்தில் கையேட்டின் நடுப்பகுதியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அதே எடைதான்.

பெல்மாண்டில் மீண்டும் 900 கெஜத்தில் 15 குண்டுகள் சுட்டபோது மேல்கீழ்ச் சிதறல் 22 சென்டிமீட்டர்; ஒரு கலைக்குள் அடங்கிவிட்டது. இடவலமாகக் குண்டுகள் இன்னும் அகலமாகவே பரவியிருந்தன. ஒன்பதாவது குண்டின்போது காற்றைக் காட்டும் கொடிகள் தளர்ந்ததைக் கவனிக்காமல் சுட்டேன், அது இடப்பக்கம் வட்டத்துக்கு வெளியே போயிற்று. இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் கொடியின் கோணத்தை ஏட்டில் வரைந்துகொண்டு வருகிறேன். குழல் 2,300 குண்டுகளைக் கண்டிருக்கிறது. டயல் கேஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன், சென்ற மழைக்காலம் முடிந்தபோதும் முள் 0.02லேயே நின்றது.